மைனர் எஞ்சினுக்கு பேலன்ஸிங் தேவையா, வீண் செலவா?

தலவாக்கலை948: வணக்கம். அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் மேசைமேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அரைத்தாயிற்று. பிஸ்டன் நான்கும் புதியவை, ஓவர்சைஸ் (பழையவற்றைவிடச் சற்றுப் பெரியவை). கிராங், அதன் முனையில் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீல், அதன்மேல் பூட்டும் கிளட்ச் கவர் மூன்றையும் சேர்த்து மெஷினில் பேலன்ஸ் செய்து, அதாவது சுழலும்போது ஒரு பக்கம் கனக்காமல் சமன் செய்து, தருவதாகக் கொழும்பில் ஒரு பட்டறை சொல்கிறது. கேட்கும் கூலிக்கு நான்கு டயர் வாங்கலாம். "ஓடிய காரைத்தானே பிரித்தாய்" என்று அம்மா ஒரு பக்கம். செய்யவா, விடவா? பழைய பிளைவீலில் ஸ்டார்ட்டர் பல் தேய்ந்திருந்ததால் வேறொரு எஞ்சினின் பிளைவீலை எடுத்திருக்கிறேன்.

மஸ்கெலியா மெக்கானிக்: தம்பி, டயரையே வாங்குங்கள். தோட்டத் தொழிற்சாலைப் பட்டறையிலும் பிறகு சொந்த கராஜிலும் இந்த எஞ்சின்களை எத்தனை முறை இறக்கி ஏற்றினேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒன்றைக்கூட பேலன்ஸ் மெஷினில் வைத்ததில்லை. 948 சிசி, 37 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 4750 சுற்றில். நம் மலையில் யார் அந்தச் சுற்றை எட்டுகிறார்கள்? நேர்வரிசை நான்கு சிலிண்டரில் 1, 4 மேலே போகும்போது 2, 3 கீழே வருகின்றன. தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும் அமைப்பு அது. வி8 என்றால் பேச்சு வேறு.

றதல்ல வளைவு: ஐயா சொல்வது, நான்கு பிஸ்டனும் ஒரே எடையாக இருக்கும்வரை சரி. ஆனால் கார் மெதுவாக ஏறுவதால் எஞ்சினும் மெதுவாகச் சுழல்கிறது என்று நினைப்பது தவறு. இறம்பொடை ஏற்றத்தில் மைனரை இரண்டாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டினால் எஞ்சின் ஏறத்தாழ 2900 சுற்றில் இருக்கிறது. 40 என்றால் 3900. வளைவுக்கு வளைவு அப்படியே பிடித்துக்கொண்டு போகவேண்டும். போதாததற்கு நுவரெலியாவின் 1868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இழுவை போனபின் கியரை எப்படி மேலே தள்ளுவது?

இனி கணக்கு. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 76.2 மில்லிமீட்டர். கிராங் சுழலும் ஆரம் அதில் பாதி. பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் ராட் ஒன்றின் பெரிய முனையில், அதாவது கிராங்கைப் பிடிக்கும் முனையில், 10 கிராம் கூடுதலாக இருந்தால் 3000 சுற்றில் கிட்டத்தட்ட 4 கிலோ இழுப்பு. 5000 சுற்றில் 10 கிலோவைத் தாண்டும். சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதைத் தாங்கக் கிராங்குக்கு இருப்பவை மூன்றே மெயின் பெயாரிங்.

கண்டி ஒஸ்டின்: தம்பி மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கா எஞ்சின் கட்டுகிறார்? அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகத்தானே!

றதல்ல வளைவு: கோயிலுக்கும் அதே மலைமேல்தான் ஏறவேண்டும்.

மஸ்கெலியா மெக்கானிக்: கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த 10 கிராம் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் நிறுத்துப் பாருங்கள் என்கிறேன். அதற்குக் கொழும்பு எதற்கு? நகைக்கடைத் தராசு போதும். (கொழுந்து நிறுக்கும் தராசு வேண்டாம், அதன் நியாயம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.) ராடை மொத்தமாக நிறுத்தால் போதாது. சின்ன முனையை நூலில் தொங்கவிட்டு, ராட் கிடைமட்டமாக இருக்கும்படி பெரிய முனையைத் தராசில் வையுங்கள். பிறகு திருப்பி வையுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை வரவேண்டும், வராவிட்டால் எங்கோ உரசுகிறது. 948இல் சின்ன முனையில் பின்னை இறுக்கும் போல்ட் உண்டு, அதையும் மாட்டியே நிறுங்கள். கனத்த இடத்தில் நீளவாட்டில் தேய்த்து மெருகிடுங்கள். குறுக்கே அரம் போட்டால் அந்தக் கீறலில்தான் ஒருநாள் வெடிப்பு விடும். பெரிய முனையைப் பூட்டும் கேப்புகள் ஒன்றுக்கொன்று மாறிவிடக்கூடாது.

இன்னொன்று. என்ன செலவழித்தாலும் மைனர் கொஞ்சம் நடுங்கும். கிராங் ஒரு சுற்றுச் சுற்றும்போது இருமுறை வரும் அதிர்வு இந்த அமைப்பிலேயே இருக்கிறது. கனத்த இடத்தில் துளை போட்டு எடையைக் குறைத்தாலும் அதை எடுக்க முடியாது. பட்டுப்போல ஓடும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

றதல்ல வளைவு: ராட் விஷயத்தில் ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பியின் கடைசி வரியை யாரும் படிக்கவில்லையா? பிளைவீல் வேறொரு எஞ்சினுடையது! எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் கிளட்ச் கவரை அதன் பழைய இடத்தைக் காட்டும் குறியைப் பார்க்காமல் மாட்டிவிட்டார்கள். மூன்றாம் கியரில் 50ஐத் தாண்டியதும் கியர் நெம்புகோல் கையில் சிலிர்த்தது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. மறுபடி எஞ்சினை இறக்கிய கூலியில் இரண்டு முறை பேலன்ஸ் செய்திருக்கலாம். என்னைக் கேட்டால் கிராங்கையும் சேர்த்தே கொடுங்கள். கத்தி விளிம்பில் வைத்தால் அசையாமல் நிற்கும் கிராங்கிலும் முன்முனை ஒரு பக்கமும் பின்முனை எதிர்ப்பக்கமும் கனத்திருக்கலாம். சுழற்றினால்தான் அது தெரியவரும்.

மஸ்கெலியா மெக்கானிக்: பிளைவீல் என் கண்ணில் படவில்லை, என் தவறு. அதையும் கவரையும் பூட்டி, குறியிட்டு, சமன் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் கிராங் வேண்டாம். கம்பனியில் சமன் செய்து வந்தது அது. அரைத்ததில் எல்லா ஜேர்னலும் (பெயாரிங்கில் சுழலும் பகுதிகள்) ஒரே அளவு தேய்ந்திருக்கிறது.

றதல்ல வளைவு: அரைத்தவர் மையத்தைச் சரியாகப் பிடித்திருந்தால்!

மஸ்கெலியா மெக்கானிக்: பிடிக்கத் தெரியாதவரிடம் கிராங்கையே கொடுத்திருக்கக்கூடாது.

தலவாக்கலை948: நேற்று நகைக்கடையில் நிறுத்தேன். கடைக்காரர் ராடுகளைத் துணியால் துடைத்த பிறகே தராசில் வைக்கவிட்டார். நான்கில் கனமானதற்கும் இலேசானதற்கும் 9 கிராம் வித்தியாசம், பெரிய முனையில்தான். பிஸ்டன்களில் மூன்று ஒரு கிராமுக்குள் இருக்கின்றன, நான்காவது 6 கிராம் கூடுதல். பிளைவீலும் கவரும் திங்கட்கிழமை கொழும்புக்குப் போகின்றன. கிராங்கைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த நான்காவது பிஸ்டனின் உட்பக்கத்தைச் சுரண்டலாமா?

மஸ்கெலியா மெக்கானிக்: பொறுங்கள், எதையும் சுரண்டாதீர்கள். ஒரே செட்டில் 6 கிராம் அதிகம். பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் அளவை நான்கிலும் படித்துச் சொல்லுங்கள். பெட்டி மாறி வந்திருக்கலாம்.