வெளிச்சம் எட்டாத கடலடியில் புழுக்கள் எதை உண்டு வளர்கின்றன?

நெய்தல்:
ஏறத்தாழ 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டுவதில்லை என்றும், அங்குள்ள உயிர்கள் பெரும்பாலும் மேலிருந்து உதிரும் எச்சங்களை நம்பியே பிழைக்கின்றன என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, கடலடிக் கொதிநீர் ஊற்றுகளைச் சுற்றி மட்டும் ஆள் உயரக் குழாய்ப்புழுக்கள் புதர்போல் மண்டுவது எப்படி?

ஆழி:
1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கி அந்த ஊற்றுகளைக் கண்டது. சென்றிருந்த குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லாததால், பிடித்த உயிரினங்களைப் பதப்படுத்தப் போதிய ஃபார்மலின் இன்றி, சிலவற்றை வோட்காவில் போட்டு வைத்தார்கள்! கப்பலில் நீர் மாதிரியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. உங்கள் கேள்விக்கான விடை அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம்தான்.

வளர்ந்த குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் உள்ளன என்பதை ஒரு விரிவுரையில் கேட்ட ஹார்வர்டு மாணவி காலின் கேவனா, உள்ளே சல்ஃபைடைப் பயன்படுத்தும் பாக்டீரியா குடியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1981-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை அதற்குச் சான்று தந்தது. புழுவின் சிவந்த கொண்டை நீரிலிருந்து சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் உறிஞ்ச, அதன் ஹீமோகுளோபின் இரண்டையும் ஒன்றோடொன்று வினைபுரியவிடாமல் தனித்தனியே சுமந்து சென்று பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. சல்ஃபைடை ஆக்சிஜனேற்றிக் கிடைக்கும் ஆற்றலால் பாக்டீரியா உணவு தயாரிக்கிறது. புழு அதில் பங்கு பெறுகிறது.

திரைகடல்:
சில ஊற்றுகளின் நீர் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறதே, புழு வெந்துவிடாதா?

ஆழி:
அந்த நீர் ஊற்றின் வாயை விட்டு வெளியேறியதும் 2 டிகிரி அளவிலுள்ள கடல்நீருடன் கலந்து விரைவாக ஆறிவிடும். புழுக்கள் இருப்பது அந்த வெதுவெதுப்பான பகுதியில்தான். அவ்வளவு சூட்டிலும் நீர் ஆவியாகாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே நிலவும் சுமார் 250 வளிமண்டல அழுத்தம்.

நெய்தல்:
அப்படியானால் இவை சூரியனை அறவே சாராத உயிர்கள் என்று சொல்லலாமா?

கழிமுகம்:
பலரும் அப்படி எழுதுகிறார்கள். குழாய்ப்புழுவைப் பொறுத்தவரை அது சரியன்று. பாக்டீரியா பயன்படுத்தும் ஆக்சிஜன், மேற்பரப்பில் நடந்த ஒளிச்சேர்க்கையால் உருவாகி, குளிர்ந்து கனத்து இறங்கிய நீரோடு ஆழத்துக்கு வந்தது. ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் கொண்டு மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிரிகளுக்கு வேண்டுமானால் அந்தப் பெருமையைக் கொடுக்கலாம். அவற்றுக்கு ஆக்சிஜனே தேவையில்லை.