டெங்கு மாடலில் ஊரே படுத்துவிடுகிறது, எங்கே தப்பு?

தோட்டத்துக்கொசு:
குமரி மாவட்டம் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து டெங்குவுக்கு எஸ்ஐஆர் மாடல் (தொற்று வரக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என்று ஊரை மூன்றாகப் பிரிக்கிற கணக்கு) போட்டுப் பழகுகிறேன். உண்மைத் தரவு இன்னும் கையில் இல்லை. இரண்டு வாரத்தில் இரட்டிக்கிற கற்பனை வாராந்திர எண்களைத்தான் கொடுத்திருக்கிறேன். தொற்றுக்காலம் 5 நாள், எனவே காமா (குணமாகும் வேகம்) 0.2. பீட்டா (தொற்று பரவும் வேகம்) 0.55 வருகிறது. கடைசிவரை ஓட்டினால் நூற்றுக்கு 92 பேருக்குத் தொற்று! மழையை எப்படிச் சேர்ப்பது என்றும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
காமா 0.2 நாளுக்கு, உங்கள் எண்கள் வாரத்துக்கு. இரண்டையும் கலந்ததில் 5 நாள் தொற்று 5 வாரத் தொற்றாகிவிட்டது. இரண்டு வாரத்தில் இரட்டிப்பு என்றால் வளர்ச்சி வாரத்துக்கு 0.35, நாளுக்கு 0.05. ஆகவே பீட்டா 0.05 + 0.2 = 0.25. ஆர்நாட், அதாவது ஒரு நோயாளி தொடக்கத்தில் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைக்கிறார் என்பது (பீட்டா ÷ காமா), 2.75 இல்லை, 1.25. கடைசித் தொற்று 37 சதவீதம்.

சிரட்டை:
அலகு சரி. ஆனால் அந்த 1.25-ஐயும் நம்பாதீங்க. எஸ்ஐஆரில் நோய் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே தாவுகிறது. டெங்குவில் நடுவே கொசு இருக்கிறதே! அதன் உடம்பில் வைரஸ் முற்றவே 8 முதல் 12 நாள் ஆகும். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒரு சுற்று 17 நாள் என்று வைத்தால் 0.05 × 17 = 0.85, அதன் எக்ஸ்பொனென்ஷியல் (e-இன் 0.85 அடுக்கு) சுமார் 2.3. அதே வளர்ச்சிதான், ஆர்நாட் ஏறக்குறைய இரட்டிப்பு.

ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்குத் தொடங்கி மெக்டொனால்ட் 1950-களில் விரித்த, கொசுவையும் சேர்த்த சமன்பாட்டை எடுத்துக்கோங்க. கொசு ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்றால், வைரஸ் முற்றுகிற 10 நாளைத் தாண்டுவது 35 சதவீதம். 0.8 ஆனால் 11 தான். எஞ்சிய ஆயுளும் 9.5 நாளிலிருந்து 4.5 ஆகக் குறையும். இரண்டும் சேர்ந்து பரவலை ஏழில் ஒரு பங்காக்கும். கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினாலோ, பரவலும் பாதிதான்.

மழை மில்லிமீட்டரை பீட்டாவோடு பெருக்கிவிடாதீங்க, எல்லாரும் விழுகிற குழி அது. நம்ம ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டு நின்ற நாளில் கவிழ்க்காமல் விட்ட, பால் பிடிக்கிற சிரட்டையில் தண்ணீர் நிற்கும், டெங்கு பரப்பும் புலிக்கொசு முட்டையிடும். கொட்டித் தீர்த்தாலோ சிரட்டை வழிந்து புழுவும் வெளியே போய்விடும். விட்டுவிட்டுப் பெய்கிற மழைதான் ஆபத்து. அதனால் ‘தேங்கிய நீர்’ என்று தனி மாறி வைத்து, மழை நிரப்பட்டும், வெயில் வற்றவைக்கட்டும், கொள்ளளவுக்கு மேல் போனது வழியட்டும்.

தோட்டத்துக்கொசு:
அண்ணா, மழைக்கும் காய்ச்சலுக்கும் எத்தனை வாரம் இடைவெளி வைக்கட்டும்?

சிரட்டை:
புழு கொசுவாக 9 நாள், வைரஸ் முற்ற 10, காய்ச்சல் வர 6, ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏற 3. நாலு வாரத்துக்குக் குறையாது தம்பி. மாடலிலேயே புழு, கொசு, காய்ச்சலுக்கு முந்தைய நாட்கள் எல்லாம் இருந்தால் கடைசி 3 நாளை மட்டும் சேர்த்தால் போதும், மற்றது தானாக வரும். இரண்டு தடவை சேர்த்துவிடாதே.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்று: நம் மாவட்டத்துக்கு ஆனி-ஆடியிலும் மழை, ஐப்பசி-கார்த்திகையிலும் மழை. மாடலில் பருவத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் 12 மாத அலை ஒன்று மட்டும் போட்டால் ஒரு மேடு காணாமல் போகும், 6 மாத அலையையும் சேர்க்கணும். உண்மைத் தரவு வந்ததும் எத்தனை சதவீதம் பதிவாகிறது, எத்தனை பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புசக்தி என்ற இரண்டையும் ஒன்றாகப் பொருத்த முயலாதீர்கள். ஒன்று ஏற மற்றதும் ஏறி, வளைகோடு அப்படியே உட்காரும். ஒன்றை வெளியிலிருந்து, ரத்தப் பரிசோதனை ஆய்வு மாதிரி ஏதாவதிலிருந்து, எடுத்து நிலையாக வையுங்கள்.