ஹாட் ஸ்வாப்: "சூடான மாற்று" வேண்டாம், "நீக்கு"வும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கணினித் தமிழாக்கச் சொற்பட்டியலுக்கு, ஹாட் ஸ்வாப் என்பதற்கு "சூடான மாற்று" என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். அங்கே சூடு எதுவும் இல்லை, கணினியை அணைக்காமலே அட்டையைச் செருகலாம், மாற்றலாம் என்பதுதான் விஷயம். "இயங்குநிலை மாற்று" என்றே வைக்கலாம், ஹாட் பிளக்குக்கு "இயங்குநிலைச் செருகல்". கொஞ்சம் நீளம்தான், ஆனால் பார்த்தவுடன் புரியும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வினைச்சொல்லில். பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில் செருகும் பிசி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். செருகுவாய்க்குள் (ஸ்லாட்) 68 ஊசிகள், எல்லாம் ஒரே நீளம் இல்லை. மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் உள்ளவை நீளம், அட்டை இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு மட்டும் குட்டை. இழுக்கும்போது அந்தக் குட்டை ஊசிகள் முதலில் விட்டுப்போகும், மின் இணைப்பு கடைசியில்தான் அறும். ஆக வன்பொருள் பக்கம் ஏற்பாடு சரியாக இருக்கிறது. அட்டையைக் கையாளும் மென்பொருளான இயக்கியின் (டிரைவர்) கதை வேறு. அது அட்டையோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் உருவிவிட்டால், பிசி கார்டின் 32-பிட் வகையான கார்டுபஸ் அட்டையானாலும் அதற்குப் பின் வந்த எக்ஸ்பிரஸ்கார்டானாலும், படிக்கிற இடத்திலெல்லாம் எல்லா பிட்டும் 1 என்றே வரும். இதைச் சோதிக்காமல் எழுதப்பட்ட இயக்கி, முடிந்துவிட்டதா முடிந்துவிட்டதா என்று சுழன்றுகொண்டே இருக்க, கணினியே உறைந்துவிடலாம். அதனால்தான் கையை வைப்பதற்கு முன்னால் மென்பொருளிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறோம், லினக்ஸில் பிசிகார்டுசிடிஎல் கட்டளை, விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்துச் சின்னம்.

இப்படி மென்பொருளிடம் முன்கூட்டியே சொல்லும் எஜெக்டுக்கும் "நீக்கு", டெலீட்டுக்கும் "நீக்கு", அன்இன்ஸ்டாலுக்கும் "நீக்கு" என்று போட்டால் பயனர் என்ன செய்வார்? இயக்கி போய்விடுமோ என்று பயந்து அந்தப் பொத்தானைத் தொடாமல் அட்டையை நேரே உருவுவார். எது நடக்கக் கூடாதோ அதையே நம் சொல் செய்ய வைக்கிறது.

என் பரிந்துரை: மென்பொருள் பிடியைத் தளர்த்துவதற்கு "விடுவி", கையால் எடுப்பதற்கு "கழற்று", இயக்கியையே எடுத்துவிடுவதற்கு "நிறுவல் நீக்கு". திரையில் "அட்டை விடுவிக்கப்பட்டது, இனிக் கழற்றலாம்" என்று வந்தால் யாருக்கும் குழப்பம் இருக்காது. "விடுவி" ரிலீஸோடு மோதுமே என்றால், பதிப்புக்கு "வெளியீடு" நிலைத்துவிட்டது, மோதாது.

அப்புறம் பிழைச்செய்திகள். எல்லாவற்றுக்கும் "சாதனம் வேலை செய்யவில்லை" என்று ஒரே வரி போதாது. லினக்ஸில் இணைந்த சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் (-k சேர்த்து) பட்டியலில் அட்டையின் பெயர் வந்து, இயக்கி வரி மட்டும் இல்லையென்றால் செருகுவாயைக் குடைவதில் பயனில்லை, இயக்கியைத் தேட வேண்டும். இயக்கி வரியும் இருந்து வேலை செய்யவில்லையா, நிலைபொருள் (ஃபர்ம்வேர், அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்பு ஏறியதா என்று கெர்னல் பதிவில், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதும் குறிப்பில், பார்க்கலாம். பெயரே வரவில்லையென்றால்தான் கழற்றிச் செருகிப் பார்ப்பது, அட்டைகள் இணையும் தடமான பிசிஐ பஸ்ஸை மறுபடி துழாவச் சொல்வது எல்லாம். எனவே "அட்டை தென்படவில்லை", "அட்டை உள்ளது, இயக்கி இல்லை" என இரண்டு தனிச் செய்திகள் வேண்டும்.

ஸ்லாட்டுக்கு "செருகுவாய்" என்றே எழுதியிருக்கிறேன், "செருகிடம்" என்றாலும் எனக்குச் சம்மதம். "விடுவி"யை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.