ஏர்லி செக்-இன்னுக்குப் பணம் கட்டியும் போர்டிங் குரூப் பின்னாடியே வந்திருக்கு, ஏன்?

வெள்ளைப்பூனை

நாளைக் காலை ஃப்ளைட். டிக்கெட் போடும்போது ‘ஏர்லி செக்-இன்’ என்று தனியாக ஒரு கட்டணம் காட்டியது. சீக்கிரம் உள்ளே போய்விடலாம், பெட்டி வைக்க மேலே இடம் கிடைக்கும் என்று நினைத்து எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டினேன். மற்றவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன்புதான் செக்-இன் திறக்கும். எங்களுக்கு அதற்கு ஒரு நாள் முன்பே திறந்தது, திறந்த கையோடு முடித்துவிட்டேன்.

போர்டிங் பாஸைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் குரூப் 4, அதாவது விமானத்தில் ஏற நாலாவதாகத்தான் கூப்பிடுவார்கள். அதே விமானத்தில் வரும் நண்பர் ஒருவர் பைசா கூடுதலாகக் கட்டவில்லை. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு சாவகாசமாக செக்-இன் செய்தார், அவருக்கு குரூப் 2!

இது சிஸ்டம் கோளாறா, இல்லை நான் வாங்கியதே வேறு ஏதாவதா? இப்போது ஆப்பைத் திறந்தால் ‘பிரயாரிட்டி போர்டிங் வாங்குங்கள்’ என்று இன்னொரு கட்டணம் கேட்கிறது. அதையும் கட்டலாமா? கம்பெனி பெயர் வேண்டாம், பொதுவாகச் சொல்லுங்கள் போதும்.

கேட்டோரம்

கோளாறு இல்லை. செக்-இன் வரிசை வேறு, போர்டிங் வரிசை வேறு.

உங்கள் பாஸில் குரூப் எண்ணைத் தவிர சீக்வென்ஸ் நம்பர் என்று மூன்று இலக்கத்தில் ஒன்று சின்னதாக இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த விமானத்துக்கு நீங்கள் எத்தனையாவது ஆளாக செக்-இன் செய்தீர்கள் என்பதுதான் அது. நீங்கள் கட்டிய பணத்துக்கு அந்த எண் சின்னதாக வந்திருக்கும். ஆனால் கேட்டில் நிற்பவர்கள் அதைப் பார்த்து யாரையும் கூப்பிடுவதில்லை. குரூப்பைத்தான் கூப்பிடுவார்கள்.

குரூப் எதை வைத்து வருகிறது என்றால், எந்த வகுப்பு, எந்த வகைக் கட்டணம், அந்தக் கம்பெனியின் மெம்பர்ஷிப் இருக்கிறதா, அவர்களுடைய கிரெடிட் கார்டு இருக்கிறதா, சில இடங்களில் எந்த சீட் என்பதையும் வைத்து. இதெல்லாம் பெரும்பாலும் டிக்கெட் போடும்போதே முடிவாகிவிடும். அதன் பிறகு நீங்கள் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து செக்-இன் செய்தாலும் குரூப் நகராது.

ரசீதில் நீங்கள் வாங்கியதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே இங்கே போடுங்கள்.

பழைய பெட்டி

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனியில் ‘ஏர்லிபேர்ட் செக்-இன்’ என்று பணம் கட்டி வாங்கிய போதெல்லாம் எனக்கு முன்னாடி இடம்தான் கிடைத்தது. சில சமயம் ஏ குரூப், மோசமென்றால் பி குரூப்பின் ஆரம்பம். பணம் கட்டினால் பலன் உண்டு, அனுபவத்தில் சொல்கிறேன்.

கேட்டோரம்

நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் அது அந்த ஒரு கம்பெனியின் பழைய முறைக்கு மட்டும் சரி.

சவுத்வெஸ்டில் அப்போது சீட் நம்பரே கிடையாது. ஏ, பி, சி என்று மூன்று குரூப், ஒவ்வொன்றிலும் 60 வரை எண். அந்த எண்படி கேட்டில் எண் போட்ட கம்பத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று உள்ளே போய், காலியாக இருக்கும் சீட்டில் உட்கார வேண்டும். அந்த எண்ணைத் தீர்மானித்ததே பெரும்பாலும் செக்-இன் வரிசைதான். அதனால்தான் 24 மணி நேரம் ஆகும் அந்த வினாடியில் ஜனங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏர்லிபேர்ட் வாங்கியவர்களுக்கு 36 மணி நேரம் இருக்கும்போதே கம்பெனியே தானாக செக்-இன் செய்து எண் கொடுத்துவிடும். ஆக, அங்கே பணம் நிஜமாகவே இடத்தை வாங்கியது. அப்போதும் ஏ குரூப் நிச்சயம் என்று அவர்கள் உறுதி கொடுத்ததில்லை. நிறைய பேர் வாங்கிய விமானத்தில் பி-யில் விழுந்தவர்கள் உண்டு.

2026 ஜனவரி 27 முதல் அங்கேயும் சீட் நம்பர் வந்துவிட்டது. ஏ-பி-சி கம்பமும் போச்சு, ஏர்லிபேர்டும் போச்சு. இப்போது மற்ற கம்பெனிகள் மாதிரியே சீட், கட்டண வகை, மெம்பர்ஷிப் வைத்து குரூப் போடுகிறார்கள். வலையில் கிடைக்கும் ‘ஏர்லி செக்-இன் வாங்கினால் முன்னாடி போகலாம்’ ஆலோசனைகளில் நிறைய அந்தக் காலத்துச் சரக்கு. தேதி பார்த்துப் படியுங்கள்.

பழைய பெட்டி

அப்படியா, கடைசியாக நான் அதில் போனது சீட் நம்பர் வருவதற்கு முன்பு. சரி, தகவலுக்கு நன்றி.

வெள்ளைப்பூனை

சீக்வென்ஸ் நம்பர் பார்த்தேன். எனக்கு 003, அம்மாவுக்கு 004. இதைப் பார்த்துவிட்டுத்தான் முதலில் நாலாவது ஆளாக உள்ளே போவோம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன் :)

ரசீதில் இருப்பது: ‘முன்கூட்டிய செக்-இன் வசதி, விருப்பமான சீட் தேர்வு’. போர்டிங் என்ற வார்த்தையே இல்லை.

எங்களுடையது இருப்பதிலேயே குறைந்த கட்டண டிக்கெட். அம்மாவுக்கு முட்டிவலி, அடிக்கடி எழுந்து காலை நீட்ட வேண்டும் என்பதால் நடைபாதை ஓரத்து சீட் எடுத்தேன். எனக்கு எதிர்ப்பக்க நடைபாதை சீட். நண்பரைக் கேட்டதில் அவருக்கு ஜன்னல் சீட், போதாததற்கு அந்தக் கம்பெனி கார்டும் வைத்திருக்கிறாராம்.

கேட்டோரம்

பிறகென்ன, விடை கிடைத்துவிட்டது. கார்டு ஒன்றே போதும். அது இல்லாவிட்டாலும் ஜன்னல் சீட் சில கம்பெனிகளில் முன்னாடி வரும். அமெரிக்காவின் யுனைடெட் 2023 அக்டோபரில் இருந்து அப்படித்தான் செய்கிறது. ஜன்னல் குரூப் 3, நடு சீட் 4, நடைபாதை 5, அடிமட்டக் கட்டண டிக்கெட் 6. ஒரே புக்கிங்கில் இருப்பவர்களைப் பிரிக்க மாட்டார்கள், சேர்ந்தே போகலாம்.

அதாவது நீங்கள் காசு கொடுத்து நடைபாதை சீட் எடுத்ததே சில இடங்களில் உங்களைப் பின்னுக்குத் தள்ளும். வேடிக்கைதான்.

அரைக்கணக்கு

ஜன்னல் முதலில் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நடைபாதைக்காரர் முதலில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் ஜன்னல்காரருக்காக எழுந்து வெளியே வந்து நிற்க வேண்டும், அந்த நேரம் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

ஜேசன் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளர் 2008-ல் இதற்கு ஒரு முறை வகுத்தார். ஜன்னல்காரர்கள் முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, பின்னாலிருந்து முன்னால். அப்போது எல்லோருக்கும் பெட்டியைத் தூக்கி வைக்க இடம் இருக்கும். பிறகு மாதிரி விமானத்தில் 72 பேரை வைத்துச் சோதித்தார்கள். வழக்கமான ‘பின் பகுதி முதலில்’ முறைக்கு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், இவருடைய முறைக்கு மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். குரூப்பே இல்லாமல் கண்டபடி ஏறியதுகூட பின் பகுதி முதலில் என்பதைவிட வேகமாக முடிந்தது!

அவ்வளவு நல்ல முறையை ஏன் யாரும் முழுசாகப் பின்பற்றவில்லை என்றால், முன்னாடி ஏறும் உரிமையை விற்க முடியாமல் போய்விடுமே.

நடுசீட்

அப்போ ஏர்லி செக்-இன் சுத்த வேஸ்ட்டா?

கேட்டோரம்

சுத்த வேஸ்ட் என்று சொல்ல மாட்டேன். போர்டிங்குக்கு உதவாது, வேறு இரண்டு விஷயத்துக்கு உதவும்.

ஒன்று, சீட். டிக்கெட்டோடு சீட் தராமல் செக்-இன்னில் தரும் கம்பெனிகளில் முன்னால் போனவருக்குத் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும்.

இரண்டாவது யாரும் சொல்லாதது. விமானத்தில் இருக்கும் சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டால் சிலரை இறக்கிவிட வேண்டி வரும். முதலில் தாங்களாகவே விட்டுக்கொடுப்பவர்களைக் கேட்பார்கள், ஆள் கிடைக்காவிட்டால் கம்பெனி தன் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அமெரிக்க விதிகளில் அந்த வரிசைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கும் அம்சங்களில் செக்-இன் நேரமும் ஒன்று. அங்கே உங்கள் 003-க்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை, இலவச செக்-இன் திறந்ததும் செய்தாலே போதுமான அளவு முன்னால் இருப்பீர்கள். எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாம் 48 மணி நேரத்துக்கு முன்பே இலவசமாகத் திறக்கிறார்கள்.

ஐரோப்பாவின் ரயன்ஏர் இன்னொரு மாதிரி. சீட்டுக்குப் பணம் கட்டினால் 60 நாள் முன்பே செக்-இன் செய்யலாம், கட்டாதவர்களுக்குக் கடைசி 24 மணி நேரம்தான். ஆனால் முன்னாடி ஏறவும் மேலே வைக்கும் பெட்டி கொண்டுபோகவும் வேண்டுமென்றால் பிரயாரிட்டி என்று தனியாக வாங்க வேண்டும். உங்களுக்கு நடந்தது அதே ரகம்.

முட்டிக்குமுட்டி

எல்லோரும் குரூப்பையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சகோ, அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கேள்விக்கே பதில். ஆப் கேட்கும் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய், போர்டிங் ஆரம்பிக்கும் முன்பு அங்கே இருப்பவரிடம், ‘அம்மாவுக்கு நடக்கச் சிரமம், உட்காரக் கூடுதல் நேரம் வேண்டும், முன்னாடியே அனுப்ப முடியுமா?’ என்று கேளுங்கள். ப்ரீ-போர்டிங் என்பார்கள். குரூப் 1-க்கும் முன்னால், கட்டணம் கிடையாது. அமெரிக்காவில், உடல் சிரமத்தால் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டில் வந்து சொல்பவர்களுக்கு இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. மற்ற நாடுகளிலும் பெரும்பாலான கம்பெனிகள் செய்கின்றன. கூட வரும் ஒருவரையும் சேர்த்தே அனுப்புவது வழக்கம்.

கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம், உட்கார்ந்திருப்பவரின் முட்டிவலி யாருக்குத் தெரியும்? நீளமாக நடக்க வேண்டிய ஏர்போர்ட் என்றால் வீல்சேர் உதவியும் இலவசம்தான், 48 மணி நேரத்துக்கு முன்பு சொல்லிவைத்தால் நல்லது. நாளைக்கே என்பதால் இப்போது போன் செய்து சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கவுன்டரில் கேளுங்கள். முடிந்தவரை செய்து கொடுப்பார்கள்.

நடுசீட்

குரூப் 2 கூப்பிடும்போது சும்மா நடுவில் நுழைந்துவிட்டால்? நிறைய பேர் செய்கிறார்கள்.

கேட்டோரம்

முன்பு நடந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024 கடைசியில் இருந்து நிறைய ஏர்போர்ட்டுகளில் ஸ்கேனரையே மாற்றிவிட்டது. கூப்பிடாத குரூப் பாஸைக் காட்டினால் சத்தம் போட்டு நிறுத்தும். பின்னால் இருநூறு பேர் பார்க்க ஓரமாகப் போய் நிற்க வேண்டும். தேவையா?

பழைய பெட்டி

பெட்டிக்கு இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. என் பங்குக்கு அதைச் சொல்கிறேன். இடம் நிரம்பிவிட்டால் கேட்டிலேயே பெட்டியை வாங்கி டேக் போட்டுக் கீழே அனுப்புவார்கள். அனுமதித்த அளவில் இருக்கும் பெட்டி என்றால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், தனி பேட்டரிகளைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், அவை சரக்கு அறைக்குப் போகக் கூடாது. அம்மாவின் மாத்திரைகளையும் இன்றே ஒரு சின்னப் பையில் தனியாகப் போட்டு, பெட்டியின் மேல் பக்கம் வையுங்கள். கேட்டில் பெட்டியைத் தரையில் திறந்துபோட்டு புடவைக்கு அடியில் மாத்திரை தேடுவது பெரிய கொடுமை.

விமானமும் முக்கியம். புது மாதிரி போயிங் 737-களில் பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம், பழைய விமானங்களின் மேல் தட்டில் நாலு நுழையும் இடத்தில் ஆறு நுழையும். அப்படிப்பட்ட விமானமாக அமைந்தால் குரூப் 4-க்கும் இடம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வெள்ளைப்பூனை

அனைவருக்கும் நன்றி. பிரயாரிட்டி வாங்கவில்லை. மாத்திரைகளைத் தனிப் பையில் போட்டாயிற்று, வீல்சேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். பதிவு செய்துவிட்டதாகவும், கேட்டில் இன்னொரு தடவை ஞாபகப்படுத்தும்படியும் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. திரும்பி வரும் டிக்கெட்டிலும் இதே ஏர்லி செக்-இன் ஏறியிருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கேட்டோரம்

மனம் மாறியதற்குத் திருப்பித் தருவது அபூர்வம். இந்த மாதிரி கூடுதல் கட்டணங்களில் ‘திருப்பித் தர மாட்டோம்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். சொன்ன வசதியை அவர்கள் கொடுக்காமல் விட்டால் மட்டும் கேட்க வலுவான காரணம் உண்டு. உதாரணமாக, விமானத்தை மாற்றி, நீங்கள் பணம் கட்டி எடுத்த சீட்டுக்குப் பதில் நடு சீட்டில் போட்டால் அந்தக் கட்டணத்தைக் கேட்கலாம். ரசீதையும் இப்போதைய சீட் எண்ணையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை சாட்டில் கேட்டும் பாருங்கள், சிலர் அதே தொகைக்கு வவுச்சர் கொடுத்துவிடுவார்கள். வாங்கினால் அதன் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.