வீட்டில் எச்.ஆர்.வி. போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வன்னிமகள் (ஸ்காபரோ):

குளிர்காலம் வந்தால் யன்னல் வியர்க்கிறது, சுவர் மூலையில் பூஞ்சணம் பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று இங்கே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நாங்கள் எச்.ஆர்.வி. (heat recovery ventilator, வெளியே போகிற காற்றின் சூட்டை உள்ளே வருகிற புதுக் காற்றுக்குக் கொடுக்கிற காற்றோட்டப் பெட்டி) போட்டோம். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கோ.

எங்கள் வீடு 80களில் கட்டினது. யன்னல்களை மாற்றி, கூரைக்குக் கீழே இன்சுலேஷன் ஊதி, கதவிடுக்கெல்லாம் அடைத்தோம். ஹீற்றிங் பில் நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே வீடு வியர்க்கத் தொடங்கிவிட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் படுக்கையறைக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் தண்ணீர் தேங்கி நிற்கும், அதைத் துடைக்கவென்றே யன்னலடியில் ஒரு துவாய் கிடக்கும், மரச்சட்டம் ஊறி மூலையில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். ஆறு பேர் இருக்கிற வீடு. காலையில் புட்டு அவியும், மத்தியானம் சோறு, இரவுக்கு மீன் பொரியல், இடையில் எல்லாரும் குளிப்பது, பேஸ்மென்டில் காயப்போட்ட உடுப்பு. இந்த ஈரமெல்லாம் முன்பு ஓட்டை ஒடிசல் வழியாகத் தானாக வெளியேறியது, ஓட்டையை அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? மாமிக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது, அந்த அறையில்தான் அவர் படுக்கிறார். அதனால்தான் காசைப் பார்க்காமல் எச்.ஆர்.வி. போட முடிவெடுத்தோம்.

பெட்டி பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்குகிற பெர்னஸுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உள்ளே இரண்டு விசிறி, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு கட்டை, அதைத்தான் கோர் என்கிறார்கள். குளியலறையிலிருந்தும் சமையலறைப் பக்கமிருந்தும் இழுக்கிற பழைய காற்று தகட்டின் ஒரு பக்கத்தால் வெளியே போகும், வெளியிலிருந்து வருகிற புதுக் காற்று மறுபக்கத்தால் உள்ளே வரும். காற்று இரண்டும் கலப்பதில்லை, சூடு மட்டும் தகட்டைக் கடந்து மாறுகிறது. வெளியே மைனஸ் 10, வீட்டுக்குள் 21 என்று வையுங்கள். பெட்டி சூட்டில் 70 வீதத்தை மீட்டால் உள்ளே வருகிற காற்று கிட்டத்தட்ட 12 பாகையில் வரும். யன்னலைத் திறந்தால் அதே காற்று மைனஸ் 10 ஆகவே வரும், அதைச் சூடாக்குவதற்கு முழுக் காசும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பூட்டின அந்தக் கிழமையே கண்ணாடி காய்ந்துவிட்டது. கடும் குளிர் நாளில் மட்டும் ஓரத்தில் மெல்லிய ஈரம் தெரியும். பூஞ்சணத்தைத் துடைத்து, சட்டத்துக்குத் திரும்பப் பெயின்ற் அடித்தோம், பிறகு அது வரவேயில்லை. மாமியின் இழுப்பு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், அது மருத்துவர் சொல்ல வேண்டியது, ஆனால் இரவில் இருமி எழும்புவது குறைந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார். இன்னொன்று, பொரியல் மணம் அடுத்த நாள் பிள்ளைகளின் ஜாக்கெற்றில் இருப்பதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

கொங்குத்தம்பி (மில்டன்):

அக்கா, எங்களுடையது புது வீடு, எச்.ஆர்.வி.யோடேயே வந்தது. ஒன்டாரியோவில் 2017க்குப் பிறகு கட்டுகிற வீடுகளில் இது கட்டட விதியிலேயே வந்துவிட்டது. வருத்தமான விஷயம் என்னவென்றால், எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறார்கள். "வெளிக்காற்றை உள்ளே விட்டால் கேஸ் பில் ஏறும்" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். குடிவந்த புதிதில் எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

நான் நம்பாமல் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கிப் படுக்கையறையில் வைத்தேன். நாங்கள் இரண்டு பேர், குழந்தை, கதவு சாத்தி, எச்.ஆர்.வி. நிறுத்தி ஒரு ராத்திரி தூங்கினால் காலையில் மீட்டர் 1900 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1900 பங்கு) காட்டுகிறது. எச்.ஆர்.வி. குறைந்த வேகத்தில் ஓடினால் 900ஐத் தாண்டுவதில்லை. கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா வீட்டுக்குச் சொல்கிற அளவு, ஒரு நாள் சராசரியாக 1000. காலையில் தலை பாரமாக எழுந்திருப்பது, குழந்தை சிணுங்குவது இதெல்லாம் வேலைக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தோம். மீட்டரைப் பார்த்த பிறகு மனைவி அந்த சுவிட்சில் யாரையும் கை வைக்க விடுவதில்லை. கரண்ட் செலவும் பெரிதாக இல்லை, எங்கள் பெட்டி ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான் இழுக்கிறது.

புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் தயவுசெய்து பேஸ்மென்டுக்குப் போய் அது ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

வினிபெக் வாசி:

இது புதிதாக வந்த சரக்கு இல்லை தம்பி. 1977இல் ரெஜைனாவில் சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்று ஒரு சோதனை வீடு கட்டினார்கள், காற்றுப் புகாத சுவர், கனத்த இன்சுலேஷன், கூடவே இந்த மாதிரி ஒரு சூடு மாற்றுகிற பெட்டி. வீட்டை இறுக்கி மூடினால் மூச்சுவிட ஒரு வழி வைக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் குளிரில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மைனஸ் 30 என்றால் வெளியே போகிற ஈரக்காற்று கோருக்குள்ளேயே உறையும். அதற்காகப் பெட்டி அவ்வப்போது வெளிக்காற்று வருகிற வாயை மூடிக்கொண்டு வீட்டுக் காற்றையே சுற்றவிட்டுப் பனியை உருக்கும். அந்த நேரம் சத்தம் மாறும், கெட்டுப்போய்விட்டது என்று பயந்து ஆளைக் கூப்பிட வேண்டாம். உருகின தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தரை வடிகாலுக்குப் போகும், அந்தக் குழாயில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்து, ஆள் குறைந்த வீட்டில் எச்.ஆர்.வி. ஓடினால் உதடு வெடிக்கிற அளவுக்குக் காற்று காயும். நானும் மனைவியும் மட்டும்தான் இருக்கிறோம், அதனால் ஈரத்திலும் ஒரு பங்கைத் திருப்பித் தருகிற ஈ.ஆர்.வி. போட்டோம். வன்னிமகள் வீடு மாதிரி ஆறு பேர் சமைத்துக் குளிக்கிற வீட்டுக்கு எச்.ஆர்.வி.தான் சரி.

ரேடானையும் விட்டுவிடக் கூடாது. மண்ணிலிருந்து பேஸ்மென்டுக்குள் வருகிற கதிரியக்க வாயு, நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். கனடாவில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரல் (கதிரியக்க அளவு) தாண்டினால் சரிசெய்யச் சொல்கிறார்கள். எச்.ஆர்.வி. அதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அளவு நிறைய இருந்தால் தரைக்கடியிலிருந்தே உறிஞ்சி வெளியேற்றுகிற குழாய்தான் தீர்வு. இந்தப் பெட்டி இருக்கிறதே என்று சோதிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பனிக்காடு (ஒட்டாவா):

எல்லாரும் நல்லதாகச் சொல்கிறீர்கள், பூட்டுகிறவர் சரியாக இருந்தால்தான் அத்தனையும் கிடைக்கும். எங்களுக்குப் பூட்டியவர்கள் காற்றை எடுக்கிற வாயை டிரையர் வெளிவிடுகிற வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உடுப்புக் காயும்போதெல்லாம் வீடு முழுக்க சோப்பு மணம், பஞ்சு வந்து பில்டரில் அப்பிக்கொள்ளும். வேறொருவரை வைத்து வாயை இடம் மாற்றி, உள்ளே வருகிற காற்றும் வெளியே போகிற காற்றும் ஒரே அளவாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சமப்படுத்தினோம். பேலன்ஸிங் என்பார்கள். அதைச் செய்யாமல் போகிற ஆளுக்கு முழுக்காசு கொடுக்காதீர்கள். வெளி வாயைப் பனி மூடுகிற உயரத்தில் வைக்கவும் விடாதீர்கள்.

புதியவள் (பிரம்டன்):

அக்கா, இதைப் போட்டால் அடுப்புக்கு மேலே இருக்கிற புகை விசிறி தேவையில்லையா? கோடையில் என்ன செய்கிறீர்கள்? துப்புரவு செய்வது கஷ்டமா?

வன்னிமகள் (ஸ்காபரோ):

புகை விசிறி கட்டாயம் வேண்டும் தங்கச்சி, அதுவும் வெளியே விடுகிறதாக இருக்க வேண்டும். அதையும் எச்.ஆர்.வி.யையும் ஒரே குழாயில் இணைக்க ஒருவரையும் விடாதேங்கோ, எண்ணெய்ப் பிசுக்கு போய்க் கோரில் ஒட்டினால் பெட்டி வீணாகிவிடும். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் விசிறி, மிச்ச மணத்துக்கும் ஈரத்துக்கும் எச்.ஆர்.வி. குளியலறையில் ஒரு பட்டன் வைத்திருக்கிறோம், குளித்து முடித்து அமத்தினால் 20 நிமிடம் வேகமாக ஓடும்.

கோடையில் புழுக்கமான நாளில் நிறுத்திவிடுவேன், அல்லது மிகக் குறைவாக விடுவேன், ஏனென்றால் வெளி ஈரத்தையும் சேர்த்து உள்ளே கொண்டுவரும், ஏ.சி.க்குத்தான் பாரம்.

துப்புரவு ஒன்றும் கஷ்டமில்லை. கதவைத் திறந்து இரண்டு பில்டரையும் இழுத்து எடுத்து இளஞ்சூட்டு நீரில் கழுவிக் காயவிட்டுப் போட வேண்டியதுதான், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். முதல்முறை எடுத்தபோது உள்ளே வருகிற பக்கத்துப் பில்டர் சாம்பல் நிறமாக, சின்னச் சின்னப் பூச்சிகளோடு இருந்தது. கோரை வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்க முன்னம் கழுவுவோம். எங்களுக்குக் குழாய், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம் டொலருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. உங்களுடையது பிரம்டனில் புது வீடு என்றால் பெட்டி ஏற்கெனவே இருக்கும். முதலில் பேஸ்மென்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கோ.