கார்டை நீக்கியும் சர்வர் அறைக் கதவு திறக்கிறது, உதவி தேவை

நிர்வாகப்பிரிவு:
வேலையை விட்டுப் போனவரின் கார்டை சாஃப்ட்வேரில் நீக்கிவிட்டேன். அவர் திருப்பிக் கொடுத்த கார்டை மெயின் கதவில் காட்டினால் சிவப்பு விழுகிறது, சரி. சர்வர் அறையில் அதே கார்டுக்குப் பச்சை விழுந்து கதவு திறக்கிறது! அவசரம்.

வயர்மேன்:
எந்த கன்ட்ரோலர் (கதவைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கும் பெட்டி)? இரண்டு கதவுக்கும் ஒன்றா, தனித்தனியா? கார்டின் அலைவரிசை 125 கிலோஹெர்ட்ஸா, 13.56 மெகாஹெர்ட்ஸா?

கறுப்புப்பூனை:
125 என்றால் நகல் எடுத்திருப்பார். அந்தக் கார்டு எந்த ரீடர் கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும். எல்லாக் கார்டையும் மாற்றுங்கள்.

பழையகை:
கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். நகலிலும் அதே எண்தான் இருக்கும், எண்ணை நீக்கினால் நகலும் செல்லாது. சாஃப்ட்வேரில் நீக்குவது வேறு, கன்ட்ரோலரில் நீங்குவது வேறு. கன்ட்ரோலர் தன் நினைவகத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். இந்த அடிப்படையை இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது.

வயர்மேன்:
இன்னொன்றும் இருக்கலாம். ரீடர் கார்டு எண்ணை கன்ட்ரோலருக்கு அனுப்பும் 26 பிட் வீகண்ட் முறையில் கார்டு எண்ணுக்கு 16 பிட்தான், 65,535க்கு மேல் போகாது. ஃபெசிலிட்டி கோடை (கார்டு எந்த இடத்துக்குரியது என்று காட்டும் எண்) பார்க்காத அமைப்பில் இருவருக்கு ஒரே எண் வரலாம். கதவு திறக்கும்போது லாக்கில் (யார் எப்போது திறந்தார் என்ற பதிவில்) யார் பெயர் விழுகிறது?

நிர்வாகப்பிரிவு:
பெயரே விழவில்லை. அந்தக் கதவின் லாக் போன வாரத்தோடு நிற்கிறது. அப்போதுதான் ரவுட்டர் மாற்றினார்கள், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பழையகை:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரவுட்டர் மாறியதில் கன்ட்ரோலருக்கும் சாஃப்ட்வேருக்கும் தொடர்பு அறுந்து, கன்ட்ரோலர் ஆஃப்லைனில் இருக்கிறது. அதன் ஐபியை (நெட்வொர்க் முகவரியை) சரிசெய்து, கார்டு பட்டியல் முழுவதையும் மறுபடி கன்ட்ரோலருக்கு டவுன்லோட் செய்யுங்கள்.

கறுப்புப்பூனை:
அதுவரை ரீடருக்குப் போகும் பவரை எடுத்துவிடுங்கள்.

வயர்மேன்:
பார்த்து! ரீடரும் பூட்டும் ஒரே சப்ளையில் இருந்தால், மின்காந்தப் பூட்டு பவர் போனதும் விட்டுவிடும். கதவு திறந்தே கிடக்கும்.

கறுப்புப்பூனை:
சர்வர் அறைக்கு யார் மின்காந்தப் பூட்டு போடுவார்கள்? பவர் போனாலும் பூட்டியே இருக்கும் ஸ்ட்ரைக்தான் (கதவுச் சட்டத்தில் தாழ்ப்பாளைப் பிடிக்கும் மின்பூட்டு) போட வேண்டும்.

தீயணைப்புப்பக்கம்:
தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்?

கறுப்புப்பூனை:
உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் வரலாம். ஸ்ட்ரைக் பூட்டுவது வெளிப்பக்கத்தை மட்டும்தான்.

தீயணைப்புப்பக்கம்:
கைப்பிடி எப்போதும் தடையில்லாமல் திரும்பினால் சரி. கதவு மாட்டியபின் யாரும் அதைச் சோதிப்பதில்லை என்பதுதான் என் கவலை. மின்காந்தப் பூட்டு என்றால் ஃபயர் அலாரம் அடித்ததும் பவர் துண்டிக்கும்படி ரிலே இருக்க வேண்டும்.

பழையகை:
பூட்டைப் பற்றிப் பேச இந்த மன்றத்தில் தனித் தலைப்பு தொடங்குங்கள்.

நிர்வாகப்பிரிவு:
ஐபிதான் காரணம். டவுன்லோட் செய்தபின் சிவப்பு விழுகிறது. நன்றி.

வயர்மேன்:
ஆஃப்லைனில் கிடந்த நாட்களில் அந்தக் கதவை யார் யார் திறந்தார்கள் என்பது கன்ட்ரோலர் நினைவகத்தில் இருக்கும், புதிய பதிவுகள் அதை அழிக்குமுன் லாக்கையும் இழுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் வேறு யார் கார்டையாவது நீக்கினீர்களா?