ஐ-9, 8850: வேலையில் சேரும்போது கைக்கு வரும் இரண்டு படிவங்கள்

அமெரிக்காவில் முதல் வேலையில் சேருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சேரும் சமயத்தில் வரும் தாள்களில் ஐ-9 என்பது உங்களுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது. 8850 என்பது உங்களை எடுத்ததற்காக கம்பெனிக்கு வரிச் சலுகை கிடைக்குமா என்று பார்ப்பது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஐ-9-இன் முதல் பகுதியை வேலை தொடங்கும் நாளுக்குள் நீங்கள் நிரப்ப வேண்டும். அதிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் கம்பெனி உங்கள் அசல் ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம், எச்ஆர் சொல்வதல்ல. எச்-1பி (வேலை விசா) என்றால் பாஸ்போர்ட்டும் ஐ-94-உம் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) போதும். ஓபிடி (படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதி) மாணவர்களுக்கும் எச்-4-இல் (எச்-1பி-காரரின் குடும்பத்தாருக்கான விசா) வேலை அனுமதி பெற்றவர்களுக்கும் ஈஏடி (வேலை அனுமதி) கார்டு ஒன்றே போதும். எல்-2 துணைவர்கள்தான் (கம்பெனிக்குள் மாற்றலாகி எல்-1 விசாவில் வந்தவரின் கணவர் அல்லது மனைவி) மாட்டிக்கொள்கிறார்கள். எல்-2எஸ் என்று போட்ட ஐ-94 வேலை அனுமதியைத்தான் காட்டும். ஆளை அடையாளம் காட்ட இன்னொன்று வேண்டும். அதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த லைசென்ஸ் செல்லாது. வந்ததும் மாநில அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி கார்டு (சம்பளம், வரிக்கான அரசு எண் உள்ள அட்டை) கையில் வராமல் சேரவே முடியாது என்று என் முதல் வேலையில் சொன்னார்கள். தவறு. விண்ணப்பித்துவிட்டால் எண் வருவதற்குள் வேலையைத் தொடங்கலாம். ஈ-வெரிஃபை (வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசு முறை) வைத்திருக்கும் கம்பெனி, எண் வந்தபின் சரிபார்த்துக்கொள்ளும்.

நம்மவர்களுக்கு ஈ-வெரிஃபையில் வரும் தலைவலி பெரும்பாலும் பெயர்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், விசாவில் எஃப்என்யு ('முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம்), சோஷியல் செக்யூரிட்டியில் அப்பா பெயர் முன்னுக்குப் பின், இப்படி இருந்தால் 'பொருந்தவில்லை' என்று வரலாம். பதறாதீர்கள். அந்த முடிவை மறுக்கப்போவதாகக் கம்பெனியிடம் சொல்லி, எட்டு அரசு வேலை நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். அது முடியும்வரை அந்தக் காரணத்துக்காக உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. ஒரே பெயர் உள்ளவர்கள் ஐ-9-இல் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் எழுதி, முதல் பெயர் கட்டத்தில் 'அன்நோன்' என்று போடுங்கள்.

சரி, 8850-க்கு வருவோம். ராணுவத்தில் இருந்தீர்களா, உணவு உதவி வாங்கினீர்களா, குற்றத் தண்டனை உண்டா என்றெல்லாம் கேட்கும். புதிதாக வந்தவருக்கு முகம் சுருங்கும். டபிள்யூஓடிசி (வேலை கிடைக்கச் சிரமப்படும் பிரிவினரை எடுக்கும் கம்பெனிக்கான வரிச் சலுகை) சலுகைக்கான வழக்கமான கேள்விகள்தான், எல்லாரிடமும் கேட்பார்கள். பொருந்தாவிட்டால் எதையும் டிக் செய்யாமல் விட்டுவிடுங்கள்; பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற வாசகத்துக்குக் கீழேதான் கையெழுத்து. இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன், நானும் 'நீண்டகாலம் வேலையில்லாதவர்' தானே என்று ஒரு எச்-4 தோழி கேட்டார். இல்லை. 27 வாரங்கள் தொடர்ந்து வேலை இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் அரசின் வேலையின்மை உதவித்தொகையும் வாங்கியிருக்க வேண்டும்.

பின்னால் கடை வைத்து ஆள் எடுக்கப்போகிறவர்களுக்கும் கொஞ்சம். பொதுவாக முதல் 6,000 டாலர் சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது 2,400 டாலர் வரை வரி குறையும்; எடுத்த ஆள் குறைந்தது 400 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். படிவம் அவர் வேலை தொடங்கியதிலிருந்து 28 நாட்களுக்குள் மாநில வேலைவாய்ப்புத் துறைக்குப் போக வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் போச்சு. சட்டத்தில் எழுதிய காலவரம்பு 2025 டிசம்பர் 31-க்குள் வேலை தொடங்கியவர்களோடு முடிகிறது. அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு நாடாளுமன்றம் நீட்டித்தால்தான் உண்டு. முன்பு காலம் கடந்தபின் முன்தேதியிட்டு நீட்டித்தும் இருக்கிறார்கள், அதனால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மச்சானை வேலைக்கு வைத்தால் இந்தச் சலுகை வராது, நெருங்கிய உறவினர்களை இதில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மச்சானுக்கும் ஐ-9 வேண்டும்.